நாக்குக்கு வைத்த பொட்டு

உப்புக் கொட்டகைக்குள் கமாலைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். முதலில் அவன் கண்ணில் பட்டது ஒரு ஜோடி கால். அவன் மச்சினன் ஷாகுல் ஹமீது விட்டத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். இடது கையில் இரண்டு விரல்கள் இருக்கவேண்டிய திசையில் இல்லை. மூக்கு ரத்தம் நெற்றிப் பக்கமாக ஓடித் தலைமயிரில் சொட்டிக்கொண்டிருந்தது. "மச்சான்" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டான். அதற்கே எத்திராஜ் கையிலிருந்த இரும்புக் கைப்பிடி அவன் விலாவில் இறங்கியது.

"கூப்ட்ற வேலை வாணாம். மச்சான் வந்துட்டான் இல்ல? இனிமே மச்சான் பேசுவான்" என்றான் எத்திராஜ்.

தொங்கிய கயிறு ஒரு கப்பி வழியாக வந்து, மூலையில் இருந்த கை விஞ்சில் சுற்றியிருந்தது. படகு இழுக்கவும் பீப்பாய் தூக்கவும் வைத்திருந்த பழைய துறைமுக விஞ்சு; எத்திராஜ் கையில் இருந்தது அதைச் சுற்றுகிற கைப்பிடிதான். அதன் பல்சக்கரம் பின்வாங்காமல் ஓர் இரும்பு நாக்கு தடுத்துப் பிடித்திருந்தது. நாக்கின் நுனியில் குங்குமப் பொட்டு. ஷாகுலின் பாரம் முழுவதும் அந்தப் பொட்டின் மேல்தான் நின்றது.

அதற்கப்புறம்தான் கமால் பிணத்தைப் பார்த்தான். தரையில் கோணி விரித்துப் படுக்கவைத்திருந்தது, எத்திராஜின் தம்பி பொன்னுரங்கத்தை. மார்புக்கூடு உள்வாங்கிப்போயிருந்தது. தலைமாட்டில் அவர்கள் அம்மா கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகிற பொம்பளையைச் சமாதானம் செய்யலாம். இவளை என்ன செய்வது?

எத்திராஜ் யார் என்று சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தில் பத்துப் பதினைந்து வருஷம் விஞ்சு ஓட்டியவன். மதுவிலக்கு வந்ததும் விஞ்சை விட்டுவிட்டு, ஃபிரெஞ்சுக்காரன் கொடி பறக்கிற புதுச்சேரியிலிருந்து பிராந்தி கடத்த ஆரம்பித்தான். படகில் வந்தது, பிடித்தார்கள். மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் வந்தது, அதையும் பிடித்தார்கள். உலகச் சண்டை முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட குட்டி விமானம் ஒன்று பழைய இரும்பு விலைக்கு வந்தபோது அவனுக்கு ஞானோதயம். ஆகாயத்தில் வருகிற சரக்கைப் போலீஸ்காரன் ஏணி வைத்தா பிடிப்பான்? ஓட்டுவதற்கு, பட்டாளத்தில் விமானியாக இருந்து குடியால் துரத்தப்பட்ட அருள்நாதன் கிடைத்தான். பழுது பார்க்க, சண்டைக் காலத்தில் விமானப்படைக் கூடாரத்தில் ஃபிட்டராக இருந்த ராயபுரம் கமால். கமாலுக்கு எடுபிடி ஷாகுல். எண்ணூருக்கு வடக்கே காய்ந்துபோன உப்புப் பாத்திதான் இறங்கும் இடம்.

அன்று விடியற்காலை அந்தப் பாத்தியில் இறங்கும்போதுதான் விமானம் திடீரென்று கல் மாதிரி விழுந்து, வரப்பில் மோதிக் கவிழ்ந்தது. பின் சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்த பொன்னுரங்கம் அங்கேயே போய்விட்டான்.

"கம்பிய அறுத்தது இவன்தான்" என்று கைப்பிடியால் ஷாகுலைக் காட்டினான் எத்திராஜ். "முந்தாநேத்து தம்பி சட்டையில கிரீஸ் கொட்டிட்டான். தம்பி ஒரு அறை வுட்டான். அதுக்கு இந்தப் பேமானி இன்னா சொன்னான் தெரியுமா? 'நீ மேல போற ஆளு, நான் கீழ கீறவன், பாத்துக்கோ'ன்னான். பத்து பேரு கேட்டுகினு இருந்தாங்க."

ஷாகுலின் வாய் அப்படித்தான். சொல்லக்கூடியவன்தான். செய்யக்கூடியவன் அல்ல. அடிபட்டால் அழுதுவிட்டு அடுத்த வேளை சோற்றில் மறந்துவிடுகிற ஜாதி.

"நைனா, அவன் ஸ்க்ரூ கூட என்னைக் கேக்காம தொட மாட்டான். நான் மெஷினைப் பாக்கறேன். எது போச்சுன்னு பாத்துட்டு வந்து சொல்றேன். அதுக்கு மின்னாடி அவனை எறக்கு."

அப்போது கோவிந்தம்மா வாய் திறந்தாள். குரல் கரகரவென்று இருந்தது.

"எந்தக் கையி அத்த செஞ்சிச்சோ, அந்தக் கையி இந்த விஞ்சுப் பல்லுல போவணும். போனாத்தான் என் புள்ளையத் தூக்கணும். அது வரைக்கும் எவனும் பாடையைத் தொடக் கூடாது. ஒத்தியூர் ஆத்தா மேல ஆணை."

"கேட்டியா?" என்றான் எத்திராஜ். "போயிப் பாரு. வேற எவன் கையாவது இருந்தா இட்டுகினு வா. தானா தேஞ்சிச்சு, தானா அந்துச்சு, அந்தக் கதையெல்லாம் வாணாம். என் தம்பி தானா சாவல."

கமால் வெளியே வந்தான். இரண்டு தடியன்கள் மீன் வெட்டுகிற கத்தியோடு கூடவே வந்தார்கள். வெயில் உப்பின் மேல் பட்டுக் கண்ணைக் கூசியது. விமானம் வரப்பின்மேல் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. உடைந்த பாட்டில்களிலிருந்து வந்த பிராந்தி நாற்றத்துக்கு ஈக்கள் மொய்த்தன. கிழிந்த இறக்கை நிழலில் அருள்நாதன் கிடந்தான். தொடை எலும்பு ஒடிந்து கால் முறுக்கிக்கொண்டிருந்தது. விபத்தில் உடையாத முகத்தை எத்திராஜ் உடைத்திருந்தான்.

"இன்னா ஆச்சு சார்?" என்று கமால் அவன் காதருகில் குனிந்தான்.

"ஃபிளாப்பு" என்றான் அருள்நாதன். உதடு வீங்கி வார்த்தை வழுக்கியது. "கடைசி வெட்டு வரைக்கும் இழுத்தேன். பிடிச்சது. நல்லாத்தான் பிடிச்சது. தென்னை மர உசரம் இருக்கச்சே லீவர் எகிறி என் மண்டையில அடிச்சுது. அவ்வளவுதான்."

கமாலுக்குப் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. ஃபிளாப்பு என்பது இறக்கையின் பின் ஓரத்தில் கதவுபோலத் தொங்கும் இரண்டு பலகைகள். அவற்றைக் கீழே மடக்கினால் விமானம் காற்றில் ஏந்தி நின்று மெதுவாக இறங்கும். குட்டைப் பாத்தியில் இறங்க வேறு வழியே இல்லை. மடக்குவதற்கு விமானியின் தலைக்கு மேலே ஒரு லீவர். இழுத்தால் கம்பிகள் பலகைகளைக் கீழே இறக்கும். லீவரில் இருக்கிற விரல் நீள இரும்பு நாக்கு பக்கத்துப் பட்டையில் வரிசையாக உள்ள வெட்டுகளில் ஒன்றில் போய் விழுந்து, காற்றின் பலத்துக்கு எதிராகப் பிடித்துக்கொள்ளும். பிடி விட்டால் காற்று பலகைகளை ஒரே அறையில் மேலே தள்ளிவிடும். ஏந்திய கையை உருவின மாதிரி விமானம் கீழே விழும்.

இருந்தாலும் அவன் அங்கிருந்து ஆரம்பிக்கவில்லை. எத்திராஜ் 'கம்பி' என்று சொல்லிவிட்டான், ஆகவே கம்பியிலிருந்து ஆரம்பித்தான். இரண்டு பக்கக் கம்பியையும் விரலால் தடவிக்கொண்டே போனான். ஓர் இழைகூடப் பிரியவில்லை. கம்பியை இறுக்குகிற திருகுகளில் அவன் கட்டிய காப்புக் கம்பி அவன் முறுக்கிய முறுக்கோடு அப்படியே இருந்தது. கப்பிகள் சுழன்றன. பலகைக் கீல்களில் ஆட்டம் இருந்தது, பழைய ஆட்டம்தான்; ஆணிகள் இடத்தில் இருந்தன. கொட்டகைக்குள்ளிருந்து ஷாகுலின் அலறல் கேட்டது. எத்திராஜுக்குக் காத்திருக்கத் தெரியாது. கமாலின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. தடியன்களில் ஒருவன் அதை எடுத்துக் கொடுத்து, "ஜல்தி பாருபா, அங்க இன்னொரு விரலு போயிகினு கீது" என்றான். அவன் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கவிழ்ந்த விமானத்துக்குள் தலையை நுழைத்து லீவரைக் கழற்றினான். நாக்கைத் தனியே எடுத்தான்.

போன வாரம் அதே நாக்கை எத்திராஜிடம் காட்டி, "நாக்கு தேஞ்சிருச்சி நைனா. முனை உருண்டுபோச்சு. வேற போடணும். அது வரைக்கும் கடைசி வெட்டுக்கு இழுக்கச் சொல்லாத" என்று சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு வேறு நாக்கு தேடி யானைக்கவுனி இரும்புக் கடைகளில் அலையப் போய்விட்டான். சண்டைக் குப்பையிலிருந்து ஒன்று கிடைக்கவும் செய்தது. அது இப்போதும் காகிதம் சுற்றியபடி அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோதுதான் தடியன்கள் வந்து இழுத்துப்போனார்கள்.

கையிலிருந்த நாக்கைக் கிரீஸ் துடைத்து வெயிலில் பிடித்தான். போன வாரம் உருண்டையாக இருந்த முனை இப்போது கூராக இருந்தது. கூருக்கு நடுவே மட்டும் சொத்தைப்பல் மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து, மிச்சம் மழுங்கிப்போயிருந்தது. பக்கவாட்டில் குறுக்கே குறுக்கே அரம் ஓடிய கோடுகள். யாரோ தீட்டியிருக்கிறார்கள். அழகாக, பொறுமையாக, கை தேர்ந்த வேலையாகத் தீட்டியிருக்கிறார்கள்.

ஒரு கணம் ஷாகுல்தானோ என்று நினைத்தான். நினைத்ததற்காக அப்புறம் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டான். ஷாகுலுக்கு அரம் பிடிக்கவே தெரியாது. நாக்கைத் திருப்பினான். அடிப்பக்கத்துக் குழிவில், கிரீஸுக்கு அடியில், விளக்கெண்ணெயில் குழைத்து வைத்த ஒரு பொட்டு. சிவப்பு.

அந்தப் பக்கத்து விஞ்சுக்காரர்களின் வழக்கம் அது. நாக்கு தேய்ந்தால் கழற்றி அரத்தால் தீட்டுவார்கள். மாட்டுவதற்கு முன்னால் குங்குமம் வைப்பார்கள். பொட்டு வைக்காத விஞ்சுக்குக் கீழே எந்தக் கூலியாளும் நிற்க மாட்டான். விஞ்சின் நாக்கு முழுக்க ஒரே இரும்பு. தீட்டத் தீட்ட இன்னும் நன்றாகப் பிடிக்கும். விமானத்து நாக்கு அப்படியில்லை. நெருப்பில் வாட்டி மேல்தோலை மட்டும் கெட்டிப்படுத்தியது. தோல் வைரம், உள்ளே பச்சை இரும்பு. அரம் போட்டவன் தோலை உரித்துவிட்டான். தேய்ந்த நாக்கோடு இன்னும் பத்துத் தடவை இறங்கியிருக்கலாம். தீட்டிய நாக்கு ஒரு தடவைகூடத் தாங்கவில்லை.

அந்தக் கொட்டகையில் விஞ்சுக்காரன் ஒரே ஒருவன்தான்.

கமால் அப்படியே உப்பின்மேல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. இதைச் சொன்னால் எத்திராஜ் கொல்வான். சொல்லாவிட்டால் ஷாகுலைக் கொல்வான். வீட்டில் மனைவி ரஹீமுன்னிசா தன் தம்பிக்கும் சேர்த்துச் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். 'தேஞ்சிருச்சி' என்று சொன்ன வாயால் 'தொடாதே' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? விஞ்சுக்காரன் காதில் 'நாக்கு தேய்ந்தது' என்று விழுந்தால் கை தானாக அரத்துக்குப் போகும் என்று யோசித்திருக்கக் கூடாதா?

கடைசியில், எத்திராஜிடம் மட்டும் தனியாகச் சொல்வது என்று முடிவு செய்தான். தம்பியைப் பறிகொடுத்தவன். ஊர் பார்க்க அவனைக் குத்த வேண்டாம். தெரிந்தால் அவனே ஷாகுலை இறக்கிவிடுவான், ஏதோ ஒரு கதை சொல்லிப் பிணத்தைத் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தான். நல்லவன் போடுகிற கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

உள்ளே போய் எத்திராஜை மூலைக்கு அழைத்தான். புது நாக்கையும் அரத்தையும் காட்டினான். புதியதின்மேல் அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. தீட்டியதின்மேல் வைத்ததும் கரகரவென்று கடித்துத் தூள் உதிர்ந்தது.

"தோலு போயிடுச்சு நைனா" என்றான் மெதுவாக. "கம்பி அறல. எவனும் அறுக்கல. நல்லதுன்னு நெனச்சித்தான் தீட்டிக்கீறாங்க." நாக்கைத் திருப்பிப் பொட்டைக் காட்டி, எத்திராஜின் உள்ளங்கையில் வைத்தான்.

எத்திராஜ் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனதைக் கமால் கண்ணால் கண்டான். விரல்கள் ஒவ்வொன்றாக நாக்கின்மேல் மூடிக்கொண்டன. திரும்பி, கொட்டகையிலிருந்த தன் ஆட்களைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

"இவன் மச்சினன்தான் செஞ்சிக்கீறான். இவனே ஒத்துகினான். எறக்குங்கடா அவனை. கையைப் பல்லுல வையிங்க."

கயிற்றை அறுத்து ஷாகுலைத் தொப்பென்று கீழே போட்டார்கள். கால் கட்டை அவிழ்த்தார்கள். தலைமயிரைப் பிடித்து விஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "மச்சான், நான் ஒண்ணும் செய்யல மச்சான்" என்று அவன் தரையைப் பிராண்டினான். ஒரு தடியன் அவன் வலது கையைப் பிடித்துச் சின்னச் சக்கரமும் பெரிய சக்கரமும் சேருகிற இடத்துக்குக் கொண்டு போனான்.

கமால் பாய்ந்தான். எத்திராஜ் வீசிய கைப்பிடி அவன் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்த இடத்திலிருந்து பிணத்தைத் தாண்டித் தவழ்ந்துபோய், கோவிந்தம்மாவின் காலைப் பிடித்துக் கத்தினான்.

"யம்மா! அவன் கையைத் தொறக்கச் சொல்லு! உன் பெரிய புள்ள கையில இன்னா கீதுன்னு பாரும்மா!"

எத்திராஜின் பூட்ஸ் அவன் வாயில் விழுந்தது. பல் இரண்டு உப்போடு சேர்ந்து தொண்டைக்குள் போனது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் கத்தினான். "பொட்டு கீது அதுல! கையைத் தொற!"

மறுபடி உதைக்கத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கோவிந்தம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"தொற" என்றாள்.

"யம்மா, அவன் இன்னாத்தையோ ஒளர்றான்..."

"தொறடா."

ஊரையே கையில் வைத்திருந்தவன், அம்மா சொன்னதும் குழந்தை மாதிரிக் கையை விரித்தான். அவள் அந்த இரும்பை எடுத்துத் திருப்பினாள். கட்டைவிரலால் சிவப்பைத் தேய்த்து, மூக்கருகில் வைத்து முகர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை கார்த்தால எங்கிட்ட குங்குமம் கேட்டியே" என்றாள். "இன்னாத்துக்குடான்னேன். 'மெஷினுக்குப் பல்லு தீட்டிக்கீறேன்மா, தம்பி போறான் இல்ல, ஒன் கையால குடு'ன்னே. நான்தான் குடுத்தேன். விளக்கெண்ணெய் ஊத்திக் குழைச்சிக் குடுத்தேன்."

ஷாகுலைப் பிடித்திருந்தவன் பிடியை விட்டான்.

"தெரியாம செஞ்சிட்டேன்மா" என்று எத்திராஜ் உட்கார்ந்து அழுதான். "தம்பிக்கு நல்லா புடிக்கணும்னுதான்..."

"அது தெரியாம செஞ்சே. அதுக்கு நான் உன்னை ஒண்ணியும் சொல்லி இருக்க மாட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இப்போ இந்தப் புள்ள கையை வெக்கச் சொன்னியே. அது தெரிஞ்சி செஞ்சது. எந்தக் கையால தீட்டினே?"

எத்திராஜ் இடது கைக்காரன். ஊருக்கே தெரியும். அவன் இடது கையை நீட்டினான். ஏன் நீட்டினான், ஓடியிருக்கலாமே என்று கேட்பவர்கள் கோவிந்தம்மாவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவளே அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பல்லுக்கு நடுவே வைத்தாள். அவளே கைப்பிடியை மாட்டினாள். அந்த வயசிலும் மீன்கூடை சுமந்த தோள். சுற்றினாள்.

டக் என்றது நாக்கு. டக். மூன்றாவது டக்குக்கு எத்திராஜ் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் வெளியே பறந்தன. விரல்கள் சக்கரத்துக்குள் போய்விட்டன. ரத்தம் பல்சக்கரத்தின் பழைய கிரீஸைக் கரைத்துக்கொண்டு ஒழுகியது.

அந்தச் சத்தத்தில்தான் அவள் மறுபடி அம்மா ஆனாள். கைப்பிடியை விட்டுவிட்டு, "ஐயோ, என் புள்ள!" என்று சக்கரத்தைப் பின்னால் தள்ளினாள். நகரவில்லை. நாக்கைப் பிடித்து இழுத்தாள். எழும்பவில்லை. தடியன்கள் ஓடிவந்து தொங்கினார்கள். அதுவும் எத்திராஜ் தீட்டிய நாக்குத்தான். குங்குமத்தோடு, கல்லில் அடித்த ஆணி மாதிரி, பல்லைக் கவ்விக்கொண்டு நின்றது.

"யப்பா, எட்றா! உனக்குத் தெரியும் இல்ல, எட்றா!" என்று அவள் கமாலின் கையைப் பிடித்தாள்.

கமால் ஒற்றைத் தோளோடு எழுந்து வந்தான். அவனுக்குத் தெரியும். பாரம் ஏறிய நாக்கைச் சும்மா தூக்க முடியாது. சக்கரத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் சுற்றினால்தான் நாக்கு தளரும். தளர்ந்த பிறகுதான் தூக்க முடியும்.

"இன்னும் கொஞ்சம் உள்ள போவணும்மா. போனாத்தான் வரும்" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எத்திராஜ் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமால் ஷாகுலைத் திரும்பிப் பார்த்தான். ஷாகுல் தன் மூன்று உடைந்த விரல்களை மார்போடு அணைத்துக்கொண்டு, உப்புத் தரையில் சுருண்டு கிடந்தான். கமால் கைப்பிடியைப் பிடித்தான். முன்னால் சுற்றினான்.

கொஞ்சம்தான் சுற்ற வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்சத்தை அவன் மெதுவாகச் சுற்றினான் என்று பின்னால் எண்ணூர்ப் பக்கம் பேசிக்கொண்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.